அடைபடாத மடை

பொங்கியண்ணன் தன் மகள் கையால் ஒரு வாய்த் தண்ணீர் வாங்கிக் குடித்து எட்டு வருஷம் ஆகியிருந்தது. அப்பனுக்கும் மகளுக்கும் ஏதோ மனத்தாங்கல் போலிருக்கிறது என்று நினைத்துவிட வேண்டாம். மனத்தாங்கல் வரவேண்டுமென்றால் இரண்டு பேரும் நாலு வார்த்தையாவது பேசிக்கொண்டிருக்க வேண்டும். அவள் சொம்பைக் கொண்டுவந்து தரையில் வைப்பாள். வைத்துவிட்டு இரண்டு எட்டு பின்னால் போய் நிற்பாள். அவள் நகர்ந்த பிறகுதான் அவர் குனிந்து எடுத்துக் குடிப்பார். ஏழு வயதில் பழக்கியது, பதினைந்து வயதிலும் அப்படியே இருந்தது.

மகள் பெயர் மருதாத்தாள். அவளுக்குப் பின்னால் பிறந்த இரண்டு பையன்களும் செத்துப்போனார்கள். ஒருவன் மூன்று வயதில், அடுத்தவன் நான்கு வயதில். பிறந்தபோது கொழுகொழுவென்றுதான் இருந்தார்கள். ஆறு மாசம் தாண்டியதும் முகம் வெளுக்கும். அப்புறம் வயிறு மட்டும் உப்பிக் கைகால் குச்சியாகும். ஆட்டு ஈரலைச் சுட்டுக் கொடுத்தார்கள், முருங்கைக்கீரையை வேகவைத்துப் பிழிந்து ஊற்றினார்கள், பக்கத்திலிருந்த கொழிஞ்சாம்பாறைக் கடைவீதியில் இரும்பு டானிக் பாட்டில் பாட்டிலாக வாங்கினார்கள். ஒன்றும் ஒட்டவில்லை. இரண்டாவது பையனைப் புதைத்துவிட்டு வந்த வாரத்தில் பொங்கியண்ணன் ஒரு குறிகாரனிடம் போய் உட்கார்ந்தார்.

"மூத்தது பொண்ணுங்களா? அதுதானுங்க. பின்னால வர்ற ஆம்பளைப் புள்ளைகளோட ரத்தத்தையெல்லாம் அதே இழுத்துக்குது. அது கையில ஒரு பொருள் வாங்காதீங்க. ஊட்டுலயும் வெச்சுக்காதீங்க" என்றான் குறிகாரன்.

ஏழு வயதுக் குழந்தை எப்படி இன்னொரு குழந்தையின் ரத்தத்தை இழுக்கும் என்று வீட்டில் ஒருத்தராவது கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. பெற்றவள் பழனாத்தாளும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாளே தவிர வேண்டாம் என்று சொல்லவில்லை. இரண்டு பிள்ளைகளைப் பறிகொடுத்த வீட்டில் யார் மேலாவது பழியைப் போட்டால்தான் சோறு இறங்கும் போலிருந்தது. பழி போட்டால் திருப்பிப் பேசாத ஆள் அந்த வீட்டில் ஒருத்திதான் இருந்தாள். ஒரு வருஷம் தரையில் சொம்பு வைத்துப் பழகிய பிறகு அவளைக் கோபாலபுரத்துக்குப் பக்கத்தில் இருந்த தாய்மாமன் ரத்தினசாமி வீட்டில் கொண்டுபோய் விட்டார்கள்.

அவள் போய் மூன்று வருஷம் கழித்துச் சின்னையன் பிறந்தான். அவனும் ஒரு வயதுக்குள் வெளுத்தான். பெண்தான் வீட்டிலேயே இல்லையே, அப்புறம் எப்படி என்று அப்போதாவது தோன்றியிருக்க வேண்டும். தோன்றியது வேறு. கோபாலபுரம் என்ன பெரிய தூரமா, அங்கிருந்தே இழுக்கிறாள் என்று சொல்லிக்கொண்டார்கள்.

எழுபத்தாறாம் வருஷம் சித்திரையில் சின்னையனுக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. கோயமுத்தூரில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். அங்கே குழந்தைகள் வார்டைப் பார்த்துக்கொண்டிருந்த டாக்டர் சரஸ்வதியம்மாள் கல்பாத்தி அக்கிரகாரத்தில் பிறந்து வளர்ந்தவர். எதையும் மூடி மறைக்காமல் சொல்லிவிடுவார்.

"இது டானிக் குடுத்துத் தீர்ற சோகை இல்லை, கேட்டேளா? இவன் உடம்புக்கு நல்ல ரத்தம் உண்டாக்கத் தெரியலை. மாசத்துக்கு ஒரு பாட்டில் ஏத்தியே ஆகணும். நாங்க ஒரு பாட்டில் ஏத்தினா உங்க பக்கத்துலேருந்து ஒருத்தர் வந்து ஒரு பாட்டில் குடுக்கணும். அதுக்கு ஆள் கொண்டு வாங்கோ."

முதல் பாட்டில் ஏறியதும் பையன் எழுந்து உட்கார்ந்து இட்லி கேட்டான். வெளுத்த உதட்டில் லேசாக ரத்த ஓட்டம் தெரிந்தது. அதைப் பார்த்துப் பொங்கியண்ணன் வார்டுக்கு வெளியே வந்து குலுங்கிக் குலுங்கி அழுதார். அந்த மாதம் அவரே கையை நீட்டினார். அடுத்த மாதமும் மன்றாடிக் கொடுத்தார். மூன்றாம் மாதம் அவர் கண்ணை இழுத்துப் பார்த்துவிட்டு, ஆறு மாசத்துக்கு இந்தப் பக்கம் தலைகாட்டக் கூடாது என்று விரட்டிவிட்டார்கள். பழனாத்தாளிடம் எடுக்கவே முடியாது என்றார்கள்.

ஊருக்கு வந்து வீடு வீடாகக் கேட்டார். அது எமர்ஜென்சி காலம். ஆஸ்பத்திரிக்குள் நுழைகிற ஆம்பளையைப் படுக்கப் போட்டுக் குடும்பக் கட்டுப்பாடு பண்ணி அனுப்பிவிடுகிறார்கள் என்று ஊரெல்லாம் பேச்சு. பையனுக்காக உயிரையே கொடுப்பேன் என்று கையைப் பிடித்துச் சொன்னவர்கள் ரத்தம் என்றதும் காட்டுப் பயிருக்குத் தண்ணீர் கட்டப் போய்விட்டார்கள்.

"பழனிக்கு மாலை போட்டிருக்கறனுங்கண்ணா. இந்த நேரத்துல ஊசி கீசி குத்தக் கூடாதுங்க" என்றான் பங்காளி காளிச்சாமி. அவன் கழுத்தில் மாலையைக் காணோம். அடுப்பில் கோழி வெந்துகொண்டிருந்த வாசம் மட்டும் வாசல்வரை வந்தது.

அன்றைக்குத் திரும்பி நடக்கும்போதுதான் பொங்கியண்ணனுக்கு அந்த எண்ணம் வந்தது. யாரிடமோ போய்க் கெஞ்சுவானேன்? மூன்று பையன்களின் ரத்தத்தையும் இழுத்துக்கொண்டவள் கோபாலபுரத்தில் இருக்கிறாள். இது நியாயமாகத்தான் பட்டது அவருக்கு. அப்படிப் பட்டது என்பதை நினைத்துத்தான் பின்னாளில் நெஞ்சில் அடித்துக்கொண்டார்.

மறுநாள் காலை அவர் போய் இறங்கியபோது மருதாத்தாள் மாமன் வீட்டு வாசலில் நிலக்கடலை உரித்துக்கொண்டிருந்தாள். அப்பனைக் கண்டதும் எழுந்து உள்ளே போய்ச் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து தரையில் வைத்தாள். இரண்டு எட்டு பின்னால் போனாள். அவர் எடுத்துக் குடித்தார்.

"இந்தப் புள்ளையக் கொஞ்சம் கண்டிச்சுட்டுப் போங்கண்ணா" என்று ரத்தினசாமியின் மனைவி சுப்பாத்தாள் ஆரம்பித்தாள். "ரெண்டு கொடம் தண்ணி எடுத்தா மூணாவது கொடத்துக்குக் கெணத்து மேட்டுலயே உக்காந்துக்கறா. களை வெட்டப் போனா வரப்புல உக்காந்துக்கறா. சோறு மட்டும் நேரத்துக்குத் தின்னுப்போடறா. இப்படியொரு சோம்பேறிய நான் பாத்ததே இல்லீங்க."

பொங்கியண்ணன் வந்த விஷயத்தைச் சொன்னார். ரத்தினசாமி பதறிப்போனான்.

"என்னுங்க மாமா, குறி சொன்னதையெல்லாம் மறந்துட்டீங்களா? அவளக் கொண்டுபோயிப் பையன் கட்டல்கிட்டயே நிறுத்தறதுங்களா?"

"எடுத்தவ திருப்பிக் குடுக்கட்டும் மாப்ள. அதுல என்ன தப்பு?"

இதை அவர் மெதுவாகச் சொல்லவில்லை. கடலைத் தொலி கிடந்த இடத்தில் மருதாத்தாள் நின்றுகொண்டுதான் இருந்தாள். அவள் முகம் எப்போதும் கொஞ்சம் மஞ்சளோடித்தான் இருக்கும், கன்ன எலும்பு தூக்கலாகத் தெரியும். அந்த முகத்தில் வருத்தம் எதுவும் இல்லை. ஒரு வழி கிடைத்துவிட்டது போல இருந்தது.

"நான் வாறனுங்கப்பா" என்றாள். "எத்தன வேணுமோ அத்தனையும் எடுத்துக்கச் சொல்லுங்க."

கோபாலபுரம் செக்போஸ்டில் பொள்ளாச்சி பஸ்ஸுக்காக நின்றார்கள். எதிர்ப்பக்கம் கேரளாவுக்குள் போகிற பஸ்ஸை நிறுத்தி, அரிசி கடத்துகிறார்களா என்று ஒரு போலீஸ்காரர் கம்பியால் மூட்டைகளைக் குத்திக்கொண்டிருந்தார். மருதாத்தாள் மடியில் தம்பிக்காக ஒரு பிடி வறுத்த கடலை முடிந்து வைத்திருந்தாள். அந்தத் தம்பியை அவள் இரண்டு முறைதான் பார்த்திருக்கிறாள், அதுவும் தள்ளி நின்று. பஸ்ஸில் பொங்கியண்ணன் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டார். கோயமுத்தூரில் இறங்கியதும் அவளிடம் ஒன்றே ஒன்று சொன்னார்.

"வயசு கேட்டாப் பதினெட்டுன்னு சொல்லு."

"சரிங்கப்பா" என்றாள்.

ரத்தம் எடுக்கிற அறையில் ஒரு கண்ணாடிக் குவளையில் நீலத் தண்ணீர் வைத்திருந்தார்கள். விரலைக் குத்தி ஒரு சொட்டு ரத்தத்தை அதில் விடுவார்கள். சொட்டு விறுவிறுவென்று அடிக்குப் போனால் அந்த ஆளிடம் எடுக்கலாம். பொங்கியண்ணனுக்கு இந்தச் சோதனை பழக்கம். மருதாத்தாளின் விரலிலிருந்து விழுந்த சொட்டு அடிக்குப் போகவில்லை, மேலேயே மிதந்தது. நர்ஸ் இன்னொரு விரலைக் குத்தினாள். அதுவும் மிதந்தது. நர்ஸ் அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்தாள், கண் இமையைக் கீழே இழுத்துப் பார்த்தாள், எழுந்து போய் டாக்டரைக் கூட்டிக்கொண்டு வந்தாள்.

சரஸ்வதியம்மாள் மருதாத்தாளைப் படுக்கச் சொல்லி இடது விலாவுக்குக் கீழே விரலால் அழுத்திப் பார்த்தார். அங்கே மண்ணீரல் வீங்கிக் கல் போலத் தட்டுப்பட்டது.

"கொஞ்சம் வேலை செஞ்சாலே மூச்சு வாங்கறதா உனக்கு?"

"ஆமாங்கம்மா. கொடம் தூக்குனா நெஞ்சு படபடங்குமுங்க."

டாக்டர் பொங்கியண்ணன் பக்கம் திரும்பினார். "இந்தக் குழந்தைகிட்டேருந்தா ரத்தம் எடுக்கப் பார்த்தேள்? இவளுக்கு இருக்கறதே பாதி ரத்தம். எனக்கென்னமோ தம்பிக்கு இருக்கற அதே வியாதின்னு படறது. எல்லாரும் இங்கேயே இருங்கோ, நாலு பேரோட ரத்தத்தையும் பார்த்துட்டுச் சொல்றேன்."

பொங்கியண்ணனுக்குக் காதில் விழுந்தது, ஆனால் உள்ளே இறங்கவில்லை. அதே வியாதி என்றால் இவள் எப்படிப் பதினைந்து வயது வரை நடமாடிக்கொண்டிருக்கிறாள்? செத்த பையன்களின் ரத்தத்தைக் குடித்தாள் என்று சொன்னார்களே, குடித்தவளுக்கு எப்படிப் பாதி ரத்தம்? வெளியே வேப்பமரத்தடியில் போய் உட்கார்ந்தார். துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தார், வியர்க்கவே இல்லை. அந்த மாதத்துப் பாட்டிலை ஆஸ்பத்திரியில் படிக்கிற ஒரு மாணவர் கொடுத்தார். அடுத்த மாதத்துக்கு யார் என்பது தெரியவில்லை.

இரண்டு நாள் கழித்து டாக்டர் அவரை மட்டும் உள்ளே கூப்பிட்டார். மேஜைமேல் பூதக்கண்ணாடிக் கருவி ஒன்றும் சில கண்ணாடித் துண்டுகளும் இருந்தன.

"நான் சொல்றதை நிதானமாக் கேளுங்கோ. வயித்துல இருக்கறச்சே குழந்தைக்கு ஒருவிதமான ரத்தம் ஊறும். பிறந்து ஆறு மாசத்துக்குள்ள உடம்பு அதை நிறுத்திட்டு வேற ரத்தம் உண்டாக்க ஆரம்பிக்கும். எல்லாருக்கும் அப்படித்தான். உங்க குழந்தைகளுக்கு அந்த ரெண்டாவது ரத்தம் சரியா உண்டாகலை. உங்ககிட்டே பாதிக் கோளாறு, உங்க சம்சாரத்துகிட்டே பாதிக் கோளாறு. ரெண்டும் சேர்ந்து வந்த குழந்தைக்குத்தான் வியாதி. போன ரெண்டு பேருக்கும் இதேதான்னு நினைக்கறேன். சின்னவனுக்கும் இது, பெரியவளுக்கும் இது."

"அப்ப இவ மட்டும் எப்படீங்கம்மா..."

"அதுதான் விசேஷம். இவளுக்கு முதல் ரத்தம் நிக்கவே இல்லை. நிறுத்தற வயசு தாண்டியும் ஊறிண்டே இருக்கு. சின்னவனுக்கும் கொஞ்சம் வழியறது, ஆனா போறாது. இவளுக்கு உயிரைப் பிடிச்சு வெக்கற அளவுக்கு இருக்கு."

பொங்கியண்ணன் பாடம் படித்தவர் அல்ல. ஆனால் முப்பது வருஷமாகக் கால்வாய்த் தண்ணீர் பாய்ச்சியவர். ஒரு மடையை அடைத்துவிட்டு இன்னொரு மடையைத் திறப்பது அவருக்குத் தெரியும். திறந்த மடையில் தண்ணீர் வராவிட்டால் பயிர் என்னவாகும் என்பதும் தெரியும்.

"பழைய மடைய அடைக்காம உட்டுப்போட்டாப்பலீங்களா?" என்றார்.

டாக்டர் கையிலிருந்த பேனாவைக் கீழே வைத்தார். "நான் சொன்னதைவிட இது நன்னா இருக்கு. அதேதான். ரத்தம் உண்டாக்கற பாகத்துல வித்தியாசம் இல்லை. எப்போ அடைக்கணும்னு உத்தரவு போடற இடத்துலதான் ஏதோ வித்தியாசம்னு வெளிநாட்டுல சொல்றா. அந்த இடத்தை இன்னும் யாரும் கண்ணால பார்க்கலை. ஆனா அது பெத்தவாகிட்டேருந்து வர்றதுங்கறது தெரியும்."

அவர் ஒரு கண்ணாடித் துண்டைக் கருவிக்குள் செருகி, பொங்கியண்ணனைக் குனிந்து பார்க்கச் சொன்னார். சாதாரண ரத்தமானால் மருந்தில் முக்கினதும் சாயம் போய்விடும், கருவில் ஊறுகிற ரத்தத்துக்கு மட்டும் சாயம் போகாது என்று சொன்னார். முதல் துண்டில் வெளிறிய வட்டங்களாகவே தெரிந்தன, சாயம் போன துணிப்பொத்தான்களைக் கொட்டிவைத்தது போல.

"இது உங்க சம்சாரத்தோடது. இப்போ இதைப் பாருங்கோ."

இரண்டாவது துண்டில் வெளிறிய வட்டங்களுக்கு நடுவே அங்கங்கே சிவப்பாகச் சில தெரிந்தன. எண்ணிவிடலாம் போல இருந்தன.

"இது உங்களோடது. நாப்பத்தஞ்சு வயசுலயும் உங்களுக்கு அந்த மடை முழுசா அடையலை. உங்ககிட்டேருந்துதான் அவளுக்கு வந்திருக்கு."

பொங்கியண்ணன் கருவியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. எடுத்தால் டாக்டரின் முகத்தைப் பார்க்க வேண்டும்.

"ஏனுங்கம்மா, அப்பப் பையனுக்கு?"

"அவனுக்கு அது வரலை. கொஞ்சம் வழியறது இந்த வியாதிக்காரா எல்லாருக்கும் உள்ளதுதான். வர்றதும் வராததும் பாதிக்குப் பாதி. யாரும் கையால எடுத்துக் குடுக்கறதில்லை அதை."

"இப்பப் போயி அந்த மடையத் தொறந்துட முடியாதுங்களா? மருந்து, ஊசி, ஏதாச்சும்?"

"இன்னிக்கு இல்லை" என்றார் டாக்டர். அதற்குமேல் ஆறுதலாக எதுவும் சேர்க்கவில்லை. பிறகு, "அந்தப் பொண்ணைக் கனமான வேலை செய்யச் சொல்லாதேங்கோ. இத்தனை வருஷம் அவ நடமாடினதே பெரிசு" என்றார்.

வெளியே வந்தபோது காலை பத்து மணி வெயில். எட்டு வருஷம் ஒவ்வொன்றாக வந்து அவர் முன்னால் நின்றது. தம்பிகளைக் கொன்ற அதே நோயை வயிற்றில் வைத்துக்கொண்டுதான் அந்தக் குழந்தை குனிந்து சொம்பை வைத்திருக்கிறது. மூச்சு வாங்கிக் கிணற்று மேட்டில் உட்கார்ந்ததற்குச் சோம்பேறி என்று பெயர் வாங்கியிருக்கிறது. அவள் யாரிடமிருந்தும் எதையும் இழுக்கவில்லை. அவளிடம் கூடுதலாக இருந்த ஒன்றே ஒன்று அவர் கொடுத்தது. அவர் இதுவரை அவளுக்குக் கொடுத்த ஒரே நல்ல பொருளும் அதுதான், அதையும் தெரியாமல் கொடுத்திருக்கிறார். இப்படியும் ஒரு பாவி உண்டா என்று வாய்விட்டே சொன்னார். பக்கத்தில் பெஞ்சில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

வார்டு நடையில் மருதாத்தாள் நின்றுகொண்டிருந்தாள். இத்தனை நாளும் அவள் தம்பியின் கட்டிலுக்கு அருகே போகவில்லை. கடலையைக்கூட அம்மாவிடம் கொடுத்துத்தான் அனுப்பினாள். பழனாத்தாள் இரண்டு தடவை கையைப் பிடித்து இழுத்தும் வரவில்லை. அப்பன் தளர்ந்து நடந்து வருவதைப் பார்த்துக் குழாயடிக்குப் போய் எவர்சில்வர் டம்ளரில் தண்ணீர் பிடித்து வந்தாள். அவர் பெஞ்சில் உட்கார்ந்ததும் அவர் காலுக்கு ஒரு முழம் தள்ளித் தரையில் வைத்தாள். பின்னால் போனாள்.

"கண்ணு" என்றார் பொங்கியண்ணன். அந்தச் சொல் அவர் வாயிலிருந்து வந்தது அவளுக்குப் புதிதாக இருந்திருக்க வேண்டும், சட்டென்று நிமிர்ந்து பார்த்தாள். "கையில எடுத்துக் குடு சாமி."

அவள் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"ஒண்ணும் ஆவாது. டாக்டரம்மா சொல்லிப்போட்டாங்க. நீ யாரு ரத்தத்தையும் எடுக்குல. உனக்கும் தம்பிக்கும் ஒரே சீக்குத்தான். அந்தக் குறிகாரன் பேச்சக் கேட்டு நாந்தான் புத்தி கெட்டுப் போனேன். குடு கண்ணு."

மருதாத்தாள் வார்டுக்குள் பார்த்தாள். அங்கே சின்னையன் அம்மாவின் மடியில் சாய்ந்து, வீங்கிய வயிற்றின்மேல் கடலையைப் பரப்பி வைத்து எண்ணிக்கொண்டிருந்தான்.

"வேண்டாங்கப்பா" என்றாள். "ரெண்டு பேரு போயிட்டாங்க. இவனாச்சும் இருக்கட்டுமுங்க."

குறிகாரன் சொன்னதை அவர் ஒரு நிமிஷத்தில் கைவிட்டுவிட்டார். அவள் எட்டு வருஷம் அதிலேயே வளர்ந்தவள். மடையைப் பற்றிச் சொன்னார். முதல் ரத்தம், இரண்டாம் ரத்தம் எல்லாம் சொன்னார். சொல்லச் சொல்ல வார்த்தை தடுமாறியது. கடைசியில் நெஞ்சைத் தொட்டுக் காட்டினார்.

"உன்னய உசுரோட வெச்சிருக்கறது என்ற ரத்தத்துல இருந்து வந்ததுதான் சாமி. என்றகிட்ட இருந்துதான் உனக்கு வந்திருக்குது."

அவள் எல்லாவற்றையும் கவனமாகக் கேட்டாள். அவளுக்குப் புரிந்தது. புரிந்த பிறகு, குறை சொல்கிற குரலாக இல்லாமல், தெரியாததைத் தெரிந்துகொள்ளக் கேட்கிறவளைப் போலக் கேட்டாள்.

"அப்புறம் ஏனுங்கப்பா தம்பிக்கும் அதக் குடுக்காம உட்டுட்டீங்க?"

பாதிக்குப் பாதி என்று டாக்டர் சொன்னதை இந்தப் பெண்ணிடம் சொல்லி என்ன பிரயோஜனம்? வேண்டாதவளுக்குக் கொடுத்துவிட்டு வேண்டியவனுக்குக் கொடுக்காமல் விட்டேன் என்றுதான் அது அவர் காதிலேயே கேட்டது. உள்ளே சின்னையன் எண்ணிக்கை தப்பிப்போய் மறுபடியும் ஒன்றிலிருந்து ஆரம்பித்தான்.

மருதாத்தாள் காத்துக்கொண்டிருந்தாள். அவர் குடித்தால்தான் டம்ளரைக் கழுவி வைக்க முடியும். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, தான் பக்கத்தில் நிற்பதால்தான் அப்பன் எடுக்கவில்லை என்று நினைத்துக்கொண்டு, இன்னும் ஒரு எட்டு பின்னால் போனாள்.